மந்தையில் விட்ட பிள்ளை

பேரன் பேத்தி எடுத்துவிட்ட நம் எல்லோரிடமும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கி வரும் சின்னப் பிள்ளையைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் நடுவீட்டில் நிறுத்தி, “நான் யாரு, சொல்லு பாப்போம்” என்று கேட்கிறோம். பிள்ளை முழிக்கும். தாயின் சேலைக்குள் தலையை விடும். உடனே நமக்கு முகம் சுண்டிப்போகிறது. “அதுக்குள்ள மறந்துட்டியா, போன தைக்குத்தானே தூக்கிட்டுத் திரிஞ்சேன்” என்று ஒரு குத்தல் வேறு. போன வாரம் என் சம்பந்தியம்மாள் இப்படிக் கேட்டபோது, “பிள்ளையை விடுங்க” என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நல்ல மனுஷி, பாவம். அவருக்குக் காரணம் தெரியாது. என் வயசுக்காரர்கள் நீங்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும்.

இரண்டாவது ஜெர்மன் சண்டைக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நடந்தது. எங்கள் ஊர் தேவாரத்துக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்கள் ஏறிப்போகும் தடம் கோடாகத் தெரியும். அந்த வருஷம் குளம் நிறையவில்லை. ஆடி மாசம் அப்பாவும் ஆத்தாவும் ஏலக்காய் பறிக்கக் கிளம்பினார்கள். எனக்கு ஏழு வயசு, தம்பிக்கு ஒன்றேகால். மேலே காய்ச்சல் அதிகம், சின்னஞ்சிறுசுகளைக் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று ஊரே சொன்னதால், எங்கள் இரண்டு பேரையும் அடுத்த வீட்டுப் பெரியப்பா பெரியம்மாவிடம் விட்டார்கள். தைப் பொங்கலுக்கு இறங்கிவிடுவதாகப் பேச்சு. பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்குக் கசக்கவா செய்யும்.

மலைக்கு யாரும் தங்கம் போட்டுக்கொண்டு போவதில்லை. ஆத்தா தன் நீண்ட காதுகளில் தொங்கிய தண்டட்டியைக் கழற்றிப் பெரியம்மா கையில் கொடுத்தாள். பெரியம்மாவின் சொந்தத் தண்டட்டி கிணறு வெட்டியபோதே விலைக்குப் போய்விட்டது. “பானைக்குள்ள போட்டு வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். என் காதுலயே கெடக்கட்டும்” என்று அங்கேயே மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

தம்பி ஆட்களை எப்படி அடையாளம் கண்டான் என்பது என்னைவிட யாருக்கும் தெரியாது. அவனைச் சுமந்தது என் இடுப்புதான். கைப்பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு ஆத்தா என்றால் மூக்கும் வாயும் கிடையாது. நெற்றியில் கறுத்த முடி தொடங்கும் அந்த விளிம்பு, இரண்டு பக்கமும் ஆடும் தண்டட்டி, அப்புறம் வாசம், குரல். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆத்தா. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு அவள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் குனிந்து அவனைப் பார்ப்பாள். அவன் புருவத்தைச் சுருக்குவான். உதடு பிதுங்கும். யாரோ ஒரு பொம்பளை என்று அழத் தயாராகிவிடுவான். நான் பின்னாலிருந்து துண்டை உருவுவேன். முடி விழுந்ததும் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிப்பான். மறுபடி சுற்றினால் மறுபடி அழுகை. “பிள்ளய ஏண்டி இந்தப் பாடு படுத்துற” என்று ஆத்தா வைவாள். வைதுகொண்டே மூணாவது தடவை அவளே சுற்றிக்கொள்வாள்.

நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கணக்கு அதிகம் மாறவில்லை. தேவாரம் சந்தையில் வெங்காயம் அளந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினான். அவள் காதிலும் தண்டட்டி.

“ஏலே, தண்டட்டி போட்டவளெல்லாம் உனக்கு ஆத்தாளா? அப்பச் சந்தையில பாதிப்பேரு உன் ஆத்தாதான்” என்றாள் ஆத்தா.

“நான் கூட்டிட்டுப் போறேன், விடு தாயி. பதிலுக்கு ரெண்டு படி வெங்காயம் அள்ளிக்கோ” என்றாள் வெங்காயக்காரி.

ஐப்பசியில் தோட்டத்துக் கங்காணி இறங்கி வந்து பெரியப்பாவைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். அப்பா காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே புதைத்தாயிற்று. ஆத்தாவும் அதே காய்ச்சலில் கிடக்கிறாள், பிழைத்தால் வருவாள். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அழுது முடித்துத் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவள், அதன் பிறகு அவனை இறக்கவேயில்லை. கொஞ்ச நாளில் அவன் அவளை ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்தான். “பெரியாத்தான்னு சொல்லுடா” என்று நான் திருத்தினேன். “விடு தாயி, நாக்கு திரும்பாத பிள்ள” என்றாள் பெரியம்மா. பெரியப்பாவைப் ‘பெய்யப்பா’ என்று கூப்பிட மட்டும் அதே நாக்கு திரும்பியது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் ஆத்தா வந்து சேர்ந்தாள். வெள்ளைச் சேலை, தலையை மூடிய முக்காடு. காய்ச்சலில் முடி கொத்துக்கொத்தாய் உதிர்ந்து, மிச்சத்தைத் தோட்டத்திலேயே மழித்துவிட்டிருந்தார்கள். முகம் பழுத்த இலை மாதிரி மஞ்சளித்திருந்தது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் கட்டி விழுந்து உப்பியிருந்தது. காது இரண்டும் வெறுமனே தோளைத் தொட்டன. முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து, “ஆரும்மா, என்ன வேணும்” என்று கேட்டார். கூடப் பிறந்தவன் பெண்டாட்டியை, பத்து வருஷம் பக்கத்து வீட்டில் பார்த்த முகத்தை, நாற்பது வயசு மனுஷருக்கே அடையாளம் தெரியவில்லை. இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். எப்படித் தெரிந்தது என்றால் கண்ணைப் பார்த்தேன், தெரிந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு அது முடியும். இரண்டு வயசுப் பிள்ளைக்கு முடியாது. தம்பி வீல் என்று கத்திவிட்டுப் பெரியம்மாவின் காலுக்கிடையில் புகுந்தான்.

தெரு கூடிவிட்டது. “ஏலே, இது ஆரு சொல்லு.” “உன் ஆத்தாடா, போ, போயி ஒரு முத்தங்குடு.” ஆளுக்கொரு தடவை அவனைப் பிடித்து அவள் பக்கம் தள்ளினார்கள். தள்ளத் தள்ளக் கத்தல் கூடியது. “பெத்தவளையே தெரியல, என்ன பிள்ளையோ” என்று ஒருத்தி சொன்னாள். எதிர்வீட்டு மதினி ஒருத்திதான் எங்கள் பக்கம். “நான் ஒரு மாசம் அப்பன் வீட்டுல இருந்துட்டு வந்தா எம்புருசனே ஆருன்னு கேக்குறாக. இந்தப் பச்சப்பிள்ளயப் போயி நொட்டை சொல்றீகளே” என்று சண்டைக்கு வந்தாள். சிரித்தார்கள். ஆத்தா மட்டும் எட்ட நின்று, “விடுங்க, பயமுறுத்தாதீக. பையத் தெரியும்” என்றாள்.

பையத் தெரிய விடவில்லை.

மூன்றாம் நாள் ஆத்தா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அப்பன் ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பெரியப்பாவுக்கு அங்கேதான் சுருக்கென்றது. குளத்தடி வயல் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆண்பிள்ளை எங்கே வளருகிறானோ அங்கேதான் அந்தப் பங்கும் போகும். “நீ போறதுன்னாப் போ. பிள்ள இங்கன இருக்கட்டும். பெத்தது நீதான், இல்லேங்கல. அவனுக்கு ஆரத் தெரியுதுங்கிறதுதான் பேச்சு” என்றார். பேச்சு நாட்டாமையிடம் போனது.

இந்த நாட்டாமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாசத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு கன்றுக்குட்டிக்காக அடித்துக்கொண்டார்கள். அவர் இரண்டு பசுக்களையும் ஊர் கூடும் மந்தையில் எதிரெதிரே கட்டச் சொல்லி, நடுவில் கன்றை அவிழ்த்துவிட்டார். கன்று நேரே ஒரு பசுவின் மடிக்குப் போனது. வழக்கு தீர்ந்தது. எங்கள் பக்கத்தில் கன்று வழக்கை அப்படித்தான் தீர்ப்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஊர் முழுக்க அதையே பாராட்டிப் பேசி அவருக்குத் தலை கனத்துப்போயிருந்தது. பெரியப்பா போய் நின்றதும், “இதுக்கெதுக்கப்பா நாலு பேரு வாயப் பாக்கணும். பிள்ளயே சொல்லட்டும். மந்தையில விட்டுப் பாப்போம்” என்றார். கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கன்று மூக்கை வைத்துத் தாயைத் தேடுகிறது, பிள்ளை கண்ணை வைத்துத் தேடுகிறது என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. மாட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மந்தைப் புளியமரத்தடியில் கூடினார்கள். ஒரு பக்கம் பெரியம்மா, கத்தரிப்பூச் சேலையும், கோடாலிக் கொண்டையும், காதில் என் ஆத்தாவின் தண்டட்டியுமாக. எதிர்ப்பக்கம் ஆத்தா, வெள்ளையும் முக்காடுமாக. பெரியப்பா தம்பியை நடுவில் இறக்கிவிட்டார். “ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றார் நாட்டாமை. கன்று வழக்கின்போது பசு கத்தியது, கன்று கேட்டது, யாரும் தடுக்கவில்லை. பசுவுக்கு இருந்த உரிமை என் ஆத்தாவுக்கு இல்லை. அவள் ஒரே ஒரு தடவை ‘சாமீ’ என்று அவனைக் கூப்பிட்டிருந்தால் குரலாவது கொஞ்சம் கைகொடுத்திருக்கும்.

தம்பி முதலில் குத்தவைத்து ஒரு ஆட்டுப்புழுக்கையைப் பொறுக்கினான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் எழுந்து ஆத்தா பக்கம் பார்த்தான். வெள்ளைத் துணிக்குள் ஒரு மஞ்சள் முகம். முடி இல்லை, விளிம்பு இல்லை, காதில் ஒன்றும் இல்லை. ஆத்தா அழக் கூடாது என்று உதட்டைக் கடித்ததில் அந்த முகமும் கோணிப்போனது. அவன் திரும்பினான். அந்தப் பக்கம் தண்டட்டி வெயிலில் மின்னி ஆடியது. நாலு எட்டு வைத்துப் போய், பெரியம்மாவின் மடியில் ஏறி, இரண்டு கையாலும் தண்டட்டியைப் பிடித்துக்கொண்டான்.

“அது எங்காத்தா தண்டட்டி” என்று நான் கத்தினேன். “அதப் பாத்துத்தான் போறான். கழட்டச் சொல்லுங்க. அவுகளையும் முக்காடு போடச் சொல்லுங்க.”

பெரியப்பா என் காதைப் பிடித்துத் திருகி, “ஏ கழுத, சபையில உனக்கென்ன பேச்சு” என்றார். நாட்டாமை சிரித்துக்கொண்டே, “ஆரு காதுல கெடக்கோ அவுக தண்டட்டிதான் தாயி” என்றார். மந்தையே சிரித்தது. என் காது மூன்று நாள் வலித்தது. அந்தச் சிரிப்பு இத்தனை வருஷமாக வலிக்கிறது.

பிள்ளை பெரியப்பா வீட்டுக்கு என்று தீர்ந்தது. என்னை யாரும் நடுவில் விடவில்லை. பெண்பிள்ளை எந்தப் பக்கம் போனால் என்ன. நான் ஆத்தாவோடு எங்கள் வீட்டுக்குப் போனேன்.

ஆத்தா மார்க்கையன்கோட்டைக்குப் போகவில்லை. சித்திரை விதைப்புக்கு விதைக்கடலை உரிக்கும் காலம் அது. பெரியப்பா வீட்டு முற்றத்திலேயே கூலிக்கு உரிக்க உட்கார்ந்தாள். கூலியில் பாதிதான் தருவேன் என்றார். சரி என்றாள். தம்பி அந்த முற்றத்தில்தான் விளையாடுவான், அதுதான் காரணம். முதல் நாலு நாள் குதிருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ஆத்தா அவனைக் கூப்பிடவே இல்லை. கடலையை உடைத்துக்கொண்டு தனக்குள் பாடுகிற மாதிரி முனகிக்கொண்டிருப்பாள்.

“முக்காட எடு ஆத்தா. நெத்தி தெரியட்டும்” என்றேன் நான்.

“மொட்டத்தலையக் காட்டவாடி சொல்ற. ஆராச்சும் பாத்தா?”

“அவன்தான் பாக்கணும்.”

பெரியம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து எடுத்தாள். தலையில் இரண்டு விரல்கடை முடி, நாற்று மாதிரி. தம்பி பயப்படவில்லை. கிட்ட வந்து அதைத் தடவினான். கூச்சத்தில் சிரித்தான். கன்னத்திலிருந்த மச்சத்தை நகத்தால் பிய்த்துப் பார்த்தான், வரவில்லை. மூக்குத்தி இருந்த துளையில் விரலை வைத்தான். முன்பல் இடைவெளியை எட்டிப் பார்த்தான். தினமும் வந்து அந்த முகத்தை ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுவான். நான் என் பழைய விளையாட்டைச் சத்தமில்லாமல் ஆடினேன். ஆத்தாவின் தலையில் துண்டைச் சுற்றினேன், சிரித்தான். காதை மறைத்தேன், சிரித்தான். வாயையும் மறைத்தேன், துண்டைப் பிடித்து இழுத்தான். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ கழித்து அவளைச் ‘சாமி’ என்றான். அவள் அவனைக் கூப்பிடும் பேரையே அவளுக்கு வைத்துவிட்டான். பெரியம்மா அதைக் கேட்டாள். கேட்ட மறுநாள் கடலை மூட்டை வேறு வீட்டுக்குப் போனது.

வைகாசியில் அம்மனுக்குப் பொங்கல். அதே மந்தை, அதே ஆட்கள். பெரியம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பானைகளுக்கு நடுவே நின்றாள். தாலியறுத்தவர்கள் பொங்கல் பானைக்குக் கிட்டே வரக் கூடாது. ஆறேழு பேர் எட்டத்தில் வேலியோரமாக நின்றார்கள், எல்லோரும் வெள்ளை, எல்லோரும் முக்காடு, எல்லோர் காதும் வெறுங்காது. அதில் என் ஆத்தாவும் ஒருத்தி. அவளை ஒதுக்கி நிறுத்திய அந்த இடத்தில்தான் அவர்களுடைய சோதனை அவர்களுக்கே தெரியாமல் நடந்தது. தம்பி பெரியம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தான். நெளிந்து இறங்கினான். இரண்டு பானைகளுக்கு இடையே புகுந்து, புகையைத் தாண்டி, அந்த வெள்ளை வரிசையின் முன்னால் போய் நின்று ஒவ்வொரு முகமாக அண்ணாந்தான். நாலாவது முகத்தில் நின்றான். “சாமி” என்று கையைத் தூக்கினான்.

ஆத்தா அவனை அள்ளிக்கொண்டு நேரே நாட்டாமை முன்னால் வந்தாள். மந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாத்தீகளா மாமா?”

“என்னத்தப் பாக்க. முடிஞ்சு போன பேச்சு. கடலையக் குடுத்துப் பழக்கியிருக்க.”

“பழக்கத்தான் செஞ்சேன். பெத்தவ பிள்ளயப் பழக்காம வேற ஆரு பழக்குவா? அன்னைக்கி ஒரு வாரம் பொறுத்திருந்தா நீங்களே பாத்திருப்பீக.”

“ஒரு கன்னுக்குட்டிய ரெண்டு தடவ விட்டுப் பாக்கிற வழக்கம் கெடையாது.”

“கன்னப் பாத்தது போதும் மாமா. இது பிள்ள.”

பெரியப்பா வந்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் ஆத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான். எதிர்வீட்டு மதினி கொதிக்கும் பொங்கல் ஒட்டிய அகப்பையோடு குறுக்கே வந்து, “பிள்ள கை பிசகிருச்சுன்னா அப்பறம் என் அகப்ப எங்க விழுகும்னு எனக்குத் தெரியாது” என்றாள். ஆத்தா குரலை உயர்த்தவில்லை. “வயல்ல பங்கு வேணாம். தண்டட்டியும் வேணாம். ஊரு கேட்டுக்கிருங்க” என்றாள்.

அந்தச் சொல் விழுந்ததும் பெரியப்பாவின் பிடி தளர்ந்தது. பிள்ளை கத்தியபோது தளராத கை, வயல் என்றதும் தளர்ந்தது. நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். நாட்டாமை தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி விடப்பா, பெத்தவதானே” என்றார். பின்னாளில் அந்த மனுஷர், ‘தாயையும் பிள்ளையையும் நாந்தான் சேர்த்து வச்சேன்’ என்று சொல்லித் திரிந்தாராம். சாகும்வரை சொன்னாராம். தப்பு செய்தோம் என்று அந்த மந்தையில் நின்ற ஒருத்தரும் ஒரு நாளும் எங்களிடம் வந்து சொன்னதில்லை. அன்றைக்கே உச்சி வெயிலில் நாங்கள் மூன்று பேரும் மார்க்கையன்கோட்டைக்கு நடந்தோம்.

இரண்டு வருஷம் கழிந்தது. தம்பிக்கு நாலு வயசு. ஆத்தாவுக்கு முடி வளர்ந்துவிட்டது, நாற்று நடப் போகும் அளவுக்கு உடம்பும் தேறிவிட்டது. ஒரு சாயங்காலம் வாசலில் பெரியம்மா நின்றாள். தனியாக வந்திருந்தாள். இளைத்து, நரை விழுந்து, காதில் அந்தத் தண்டட்டி இல்லாமல், கையில் ஒரு துணி முடிச்சு. உள்ளே வராமல் தம்பியையே பார்த்தாள். அவன் பம்பரத்தை நிறுத்திவிட்டு, “ஆரு நீங்க?” என்று கேட்டான்.

பெரியம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாகப் படட்டும் என்று நினைத்தேன். ஆத்தா அப்படி நினைக்கவில்லை. சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தம்பியின் தாடையைப் பிடித்தாள். “பெரியம்மாடா. ஆத்தா இல்லாதப்ப உன்னயத் தூக்கி வளத்தவுக. நல்லாப் பாரு. கண்ணப் பாரு, மூக்கப் பாரு. அவசரமில்ல, பையப் பாரு” என்று அந்த முகத்தின் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் பார்த்தான். பெரியம்மா கண்ணீரைக்கூடத் துடைக்காமல், முகத்தை அசைக்காமல் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

“உனக்காச்சும் என்னயத் தெரியுதா தாயி?”

எனக்குப் பத்து வயசு. அவளுடைய இடது புருவத்துத் தழும்புவரை எனக்குத் தெரிந்தது.

“தெரியல” என்றேன்.